இடிபாட்டின் மேல் ஒரு பூங்கா

தம்பி மகள் அடுத்த மாதம் பயிற்சிக்காக யோகோஹாமா போகிறாள். "பெரியப்பா, நீங்க நாப்பது நாள் இருந்த ஊராச்சே, ரெண்டு நாள் லீவு கிடைச்சா எதெதைப் பாக்கணும்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க" என்றாள். எழுத உட்கார்ந்தேன். தாள் போதவில்லை.

உயரமான கட்டிடம், கடலோர ராட்டினம், சீனக் கடைத்தெருவின் ஆவி பறக்கும் கொழுக்கட்டை எல்லாவற்றையும் அவள் தானே கண்டுபிடித்துக்கொள்வாள். கூட அழைத்துப்போக ஆள் இருக்கும். யாரும் அழைத்துப்போகாத சில இடங்களைச் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் எங்கள் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு அது தெரியாது. அவள் அப்பாவுக்கு அப்போது ஆறு வயது.

கும்பகோணத்தில் எங்கள் அப்பா பட்டு ஜவுளிக்கடை வைத்திருந்தார். 1974 ஐப்பசியில், தீபாவளிச் சரக்கு முழுக்க இறங்கியிருந்த நேரத்தில், ஓர் இரவு மின்கசிவில் கடை எரிந்துபோனது. பட்டு எரிந்தால் முடி கருகும் வாடை வரும். அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. விடிந்ததும் அப்பா சாம்பலில் இறங்கினார். கையில் சல்லடை. மூன்று நாள் சலித்துச் சலித்து, உருகிச் சுருண்ட சரிகையைப் பொறுக்கி எடுத்தார். ஊரே வேடிக்கை பார்த்தது. இருபத்திரண்டு வயதுப் பையனான எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. வங்கியில் வேலை கிடைத்ததும் ஊரைவிட்டுக் கிளம்பியவன், கல்யாணம் காட்சிக்கு வந்தாலும் அந்தத் தெருப் பக்கம் போனதில்லை.

இந்த அவமானத்தோடுதான் நான் யோகோஹாமாவில் மகன் வீட்டில் போய் இறங்கினேன். மகன் வேலைக்குப் போன பிறகு நாள் முழுக்க நடப்பேன். காலாற நடக்க மகன் காட்டிய இடம் யமாஷிடா பூங்கா. கடலை ஒட்டி நீளமாகக் கிடக்கும் பூங்கா அது. ஹிகாவா மாரு என்ற பழைய கப்பல் அங்கே நிற்கிறது. 1930-ல் கட்டிய பயணிகள் கப்பல். சார்லி சாப்ளின் அதில் பயணம் செய்திருக்கிறார். போர்க்காலத்தில் ஆஸ்பத்திரிக் கப்பலாக ஓடித் தப்பிப் பிழைத்தது. 1961-லிருந்து இங்கேயே கட்டிப் போட்டிருக்கிறார்கள். அதன் நங்கூரச் சங்கிலியில் கடற்காகங்கள் வரிசையாக, கோர்த்த மணி மாதிரி உட்கார்ந்திருக்கும். ஒரு வாரம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் மகன் சொன்னான்: "அப்பா, நீங்க உக்காந்திருக்கிற தரையே பழைய ஊரோட இடிபாடுதான்."

1923 செப்டம்பர் 1, பகல் 11 மணி 58 நிமிடம். வீட்டுக்கு வீடு மதியச் சமையலுக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்த வேளையில் பூமி ஆடியது. டோக்கியோவைவிட யோகோஹாமா நடுக்கத்தின் மையத்துக்குப் பக்கம். ஆட்டத்தில் விழாததை நெருப்பு தின்றது. அந்தப் பகுதி முழுவதுமாக லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். அந்த ஊரின் செங்கல், ஓடு, கல் எல்லாவற்றையும் வாரிக் கொண்டுவந்து கடலோரத்தில் கொட்டி நிரவினார்கள். 1930-ல் அதன்மேல் பூங்கா திறந்தார்கள். இன்று அங்கே ரோஜா பூக்கிறது, பிள்ளைகள் ஓடுகின்றன.

அந்தப் பூங்காவின் ஒரு ஓரத்தில் நம் நாட்டுச் சாயலில் ஒரு குவிமாட மண்டபம் இருக்கிறது. இந்திய நீர்க்கோபுரம் என்கிறார்கள். யோகோஹாமாவில் பட்டும் துணியும் வாங்கி ஏற்றுமதி செய்துவந்த இந்திய வணிகர்கள், பெரும்பாலும் சிந்திகள், நடுக்கத்துக்குப் பிறகு கோபே துறைமுகத்துக்குப் பெயர்ந்துவிட்டார்கள். யோகோஹாமாக்காரர்கள் அவர்களைத் திரும்ப அழைத்து, வீடும் கடையும் கட்டித் தந்தார்கள். அந்த நன்றிக்காகவும், மாண்டுபோன தம் மக்களின் நினைவுக்காகவும் இந்தியர்கள் இதைக் கட்டிக் கொடுத்தார்கள். வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடாதே, கண்ணு. உள்ளே போய் அண்ணாந்து பார். கூரையின் உட்புறம் முழுக்க வண்ணச் சில்லுகள் பதித்திருக்கிறார்கள். வெளியூர்க்காரன் செலுத்திய நன்றிக்கடன் தலைக்குமேல் மின்னுகிறது. நான் அங்கே நின்று கும்பிட்டேன்.

பக்கத்திலேயே பட்டு அருங்காட்சியகம். யோகோஹாமா துறைமுகம் 1859-ல் திறந்த பிறகு அதைத் தூக்கி நிறுத்தியது பட்டுநூல்தான். ஒரு கூட்டிலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் இழை வரும். கடைக்காரன் மகனாக வளர்ந்தும் ஒரு கூட்டின் இழையை நிதானமாகப் பார்த்ததே இல்லை என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்ட பிறகுதான் இழை தெரிந்தது.

அந்தப் பட்டில் பெரும்பணம் சேர்த்தவர்களில் ஒருவர் ஹாரா தொமிதாரோ. ஹாரா சான்கெய் என்றும் சொல்வார்கள். ஊரின் தென்கோடியில் அவர் அமைத்த சான்கெய்-என் தோட்டத்துக்கு அரைநாள் ஒதுக்கு. 1906-லேயே அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். 1457-ல் கட்டிய மூன்றடுக்கு மரக் கோபுரத்தை 1914-ல் இங்கே கொண்டுவந்து குன்றின்மேல் நிறுத்தினார். குளத்தின் இக்கரையிலிருந்து பார்த்தால் கோபுரம் மரங்களுக்குமேல் எழுந்து நிற்கும். 1916-ல் ஜப்பான் வந்த ரவீந்திரநாத் தாகூர் இந்தத் தோட்டத்தில்தான் தங்கினார்.

எல்லோரும் கோபுரத்தோடு திரும்பிவிடுகிறார்கள். நீ இன்னும் கொஞ்சம் ஏறிப் போ. குன்றில் ஒரு செங்கல் சுவர் சிதைந்து கிடக்கும். ஹாராவின் மாளிகை 1923-ல் விழுந்தபோது மிஞ்சியது அது. அரிய ஓவியங்களை வாங்கிக் குவித்தவர், இளம் ஓவியர்களுக்குச் சோறுபோட்டு ஆதரித்தவர், அன்றோடு கலைப்பொருள் வாங்குவதை நிறுத்திக்கொண்டார். ஊரை மீட்டுக் கட்டும் வேலைக்குத் தலைமை ஏற்று, தன் காசையும் காலத்தையும் அதில் போட்டார்.

அந்தச் செங்கல்லைத் தொட்டுப் பார்த்தபோதுதான் அப்பாவின் சல்லடை நினைவுக்கு வந்தது. சலித்தெடுத்த சரிகையை அவர் வெள்ளிக்கு விற்றார். அந்தக் காசு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு திருபுவனம் போய், வீடு வீடாக ஏறித் தறிக்காரர்களின் கூலிப் பாக்கியைக் கொடுத்துவிட்டு வந்தார். அவர்களுக்கும் தீபாவளி இருந்ததல்லவா? இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும், சாம்பலில் குனிந்து நின்ற அந்த உருவத்தை மட்டுமே ஐம்பது வருஷமாக மனதில் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் இருக்கும்போதே, "நீங்க செஞ்சது பெரிய காரியம்ப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

துறைமுகத்தின் பழைய செங்கல் கிடங்குகளையும் பார்த்துவிடு. இரண்டு கிடங்குகளில் ஒன்று மற்றதில் பாதி நீளம்தான். 1913-ல் முடித்தபோது அதுவும் அண்ணனைப் போல நீளமாகத்தான் இருந்தது. நடுக்கத்தில் பாதி போயிற்று. மிச்சப் பாதியை மிச்சமாகவே நிற்கவிட்டிருக்கிறார்கள். 2002-லிருந்து கடைகளும் அரங்கும் நடக்கின்றன. சீனக் கடைத்தெருவில் இருக்கும் குவான்-தி தெய்வத்தின் கோயிலும் 1923 நடுக்கத்தில் ஒருமுறை, 1945 குண்டுவீச்சில் ஒருமுறை, 1986-ல் தீப்பிடித்து ஒருமுறை அழிந்து, இப்போதிருப்பது 1990-ல் எழுப்பியது. வாசலில் ஊதுபத்திப் புகை அடங்குவதே இல்லை.

கடைசியாக ஒரு மரம். யோகோஹாமா வரலாற்று ஆவணக் காப்பகத்தின் முற்றத்தில் நிற்கிறது, தமகுசு என்று பெயர். 1854-ல் அமெரிக்கத் தளபதி பெரி வந்து ஜப்பானோடு உடன்படிக்கை செய்தது அந்த மரத்தின் அருகில்தான். 1923 தீயில் அதுவும் கருகியது. வேர் மட்டும் பிழைத்திருந்து, மறுபடி துளிர்த்து, இன்று ஒரே அடியிலிருந்து பல தண்டுகளாகப் பிரிந்து முற்றத்துக்கே நிழல் தருகிறது. பட்டையைத் தொட்டால் சொரசொரவென்று, வயதானவர் கைபோல இருக்கும்.

ஊர் திரும்பியதும் கும்பகோணம் போனேன். எங்கள் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. வாசற்படிக் கல் மட்டும் பழையது. ஒரு மூலை கருத்திருக்கிறது. கடைக்காரத் தம்பியிடம் சொல்லிவிட்டு அதில் சற்று நேரம் உட்கார்ந்தேன். "தண்ணி வேணுமா ஐயா?" என்று ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தான்.

தாளில் இடமில்லை, பின்பக்கம் எழுதுகிறேன். அந்த மரத்தில் எத்தனை தண்டு என்று எண்ணிக்கொண்டு வா, கண்ணு. நான் எண்ணாமல் வந்துவிட்டேன்.