கரம்பைக்குள் உறங்கும் ஊமச்சி

கண்மாய் நத்தையைக் கவனிக்க வலை, தட்டு எதுவும் வேண்டாம். மடையோரம் நிழல் நீரில் விழாதபடி குத்தவைத்து உட்காரப் பொறுமை இருந்தால் போதும். சிறிது நேரத்தில் ஊமச்சி என்று அழைக்கப்படும் இந்த நத்தை மேலே வரும். தலையின் இடப்புறமிருந்து சதைக்குழல் ஒன்றை நீட்டி, நுனியை நீருக்கு மேல் வைக்கும். உடம்பை உள்ளிழுத்தும் வெளியே தள்ளியும் காற்றை நிரப்பிக்கொள்ளும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் கிடைப்பது பைலா வைரென்ஸ். மூலத்துக்கு நல்லதென்று சமைத்துச் சாப்பிடுவார்களே, அதேதான். இதற்கு வலப்பக்கம் செவுள், இடப்பக்கம் நுரையீரல் பை. பிச்சாவரம் சதுப்பில் வாழும் எல்லோபிடே குடும்பத்து நத்தைகள் செவுளையே விட்டுவிட்டன. நம்முடையது இரண்டையும் வைத்துக்கொண்டது. ஐப்பசியில் நிறைந்து சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும் கண்மாயில் ஒன்றை மட்டும் நம்பிப் பிழைக்க முடியுமா?

பைலாவின் உடற்கூற்றை 1925இல் விலங்கியலாளர் பைனி பிரசாத் விரிவாக எழுதினார். பிறகு தலைமுறை தலைமுறையாக விலங்கியல் மாணவர்கள் இதை அறுத்தார்கள். அறுத்தால் உறுப்புகளின் இடம் தெரியும். அது மூச்சுவிடுவதைப் பார்க்கக் கண்மாய்க்குத்தான் வர வேண்டும்.

நீர் வற்றும்போது சேற்றுக்குள் இறங்கி, சுண்ணாம்பு ஏறிய மூடியால் வாயை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும். கையில் எடுத்தால் கனமும் இறுகிய மூடியும் உயிருக்கு அடையாளம். மூடி தளர்ந்து நாற்றம் அடித்தால் செத்துவிட்டது. எழுப்ப நினைத்து மூடியை நெம்பக் கூடாது. தண்ணீரில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இதன் முட்டைகள் வெள்ளை நிறம். நீருக்கு வெளியே, கரையோர ஈரமண்ணைக் குழித்து இடும். கரை முழுக்கச் சிமெண்ட் பூசிவிட்டால் எங்கே குழிக்கும்?

கோடையில் தூர்வார ஜேசிபி இறங்கும்போதுதான் எனக்குப் பதறும். கரம்பையோடு சேர்ந்து உறங்குகிற ஊமச்சிகளும் டிராக்டரில் ஏறிவிடுகின்றன. தூர்வாரவே வேண்டாம் என்று சொல்ல நான் யார்? வண்டல் மேடிட்டால் தண்ணீர் நிற்காது. ஆனால் மழை பெய்து கண்மாய் பெருகினாலும், தின்ன ஊமச்சி இல்லையென்றால் நத்தைகுத்தி நாரை அங்கே எதற்கு இறங்கும்? அதன் அலகின் நடுவில் உள்ள இடைவெளியே நத்தைக்கு ஏற்றதுதான்.

தூர்வாரும் ஊர்க்காரர்களிடம் நான் கேட்பது இதுதான்: முழுக் கண்மாயையும் ஒரே கோடையில் அள்ளாதீர்கள். இந்த வருடம் ஒரு பாதி, அடுத்த வருடம் மறுபாதி என்று வையுங்கள். கரையில் ஒரு பக்கத்தையாவது மண்ணாகவே விடுங்கள்.