முதுமைக்கு மூன்று கணக்கு

கேமரன் மலையில் என் வயதுக்காரர்கள் சந்தித்துக்கொண்டால் முதலில் முட்டிவலியைப் பேசுவார்கள், அடுத்து விண்ணப்பப் பாரங்களைப் பேசுவார்கள். முட்டிக்குத் தைலம் இருக்கிறது. பாரத்துக்கு என்னிடம் வருகிறார்கள். தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவது, செக்ரோலில் நாள் பதிவது, சேமநிதிக் கணக்கு பார்ப்பது எல்லாம் என் வேலையாக இருந்தன. வேலை விட்டது, பாரங்கள் விடவில்லை.

வருகிறவர்கள் மூன்று வகை. கொழுந்து கிள்ளியே நரைத்துப்போன, இன்றும் சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் அம்மாக்கள் ஒரு வகை. தமிழ்நாட்டில் ஓய்வுபெற்று, இங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளோடு தங்க வந்தவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது, இங்கே பிறந்து இங்கே உழைத்து, கடைசிக் காலத்தில் ஆண்டுக்குப் பாதியைத் தாத்தா ஊரில் கழிக்க ஆசைப்படுகிற மலேசியத் தமிழர்கள். மூவரும் கேட்பது ஒரே கேள்விதான்: “ஐயா, நான் எங்கே, எத்தனை நாள் இருக்கலாம்?”

அதற்கு ஒரே பதில் கிடையாது. குடிநுழைவுத் துறை ஒரு கணக்கு வைத்திருக்கிறது, வரித்துறை ஒரு கணக்கு, வங்கி ஒரு கணக்கு. மூன்றும் ஒன்றை ஒன்று பார்த்து எழுதுவதில்லை. ஒரு கணக்கில் சரியாக இருப்பதாலேயே மற்ற இரண்டிலும் சரியாக இருப்போம் என்று எண்ணிக்கொள்வதால்தான் முதுமையில் பல தொல்லைகள் வருகின்றன.

இதைச் சொல்ல இந்த மலையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் குறித்துவைத்த மலை இது. 1929இல் ரசல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்து, சரிவில் செடி நட்டு, கூடை சுமந்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். நாகப்பட்டினத்திலிருந்து ‘ரஜுலா’ போன்ற கப்பல்களில் பினாங்குக்கு வந்தவர்களுக்கு விசா என்ற சொல்லே தெரியாது. கங்காணி கூப்பிட்டார், வந்தார்கள். தொழிலாளர்களை அப்படி அனுப்புவதை 1938இல் இந்திய அரசு நிறுத்தியது. ஊருக்குப் போய்வருவது அதன் பிறகும் நடந்தது. கடல் ஒரு எல்லை என்று யாரும் நினைக்கவில்லை.

1957இல் நாடு விடுதலை பெற்றது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 முதல் 1962 செப்டம்பர் வரை இங்கே பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை கிடைத்தது. அதற்கு முன் வந்த பெரியவர்கள் விண்ணப்பித்துப் பதிய வேண்டியிருந்தது. பலர் பதியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாமை ஒரு காரணம், வழிகாட்ட ஆளில்லாமை ஒரு காரணம். “இத்தனை வருஷம் உழைத்தவனை யார் போகச் சொல்வார்கள்?” என்ற நம்பிக்கைதான் பெரிய காரணம். 1968இல் குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் வந்தது. 1969 இனக்கலவரத்துக்குப் பின் அது கடுமையாக நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 60,000 இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் தமிழகம் திரும்பினார்கள்.

இலங்கை மலையகத்தில் இதைவிடப் பெரிதாக நடந்தது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்று மனிதர்களைத் தலைக்கணக்கில் பங்கு போட்டது. கண்டிச் சீமைத் தேயிலையை விட்டு நீலகிரித் தேயிலைக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இன்றும் இருக்கின்றன.

பழைய கதையைச் சொல்லி அழுவதற்காக இதை எழுதவில்லை. உழைப்பினால் வரும் உரிமை வேறு, பதிவினால் வரும் உரிமை வேறு. முதல் உரிமையை மனசாட்சி ஏற்கும். கவுண்டரில் கேட்பது இரண்டாவதைத்தான். நம் முன்னோருக்கு இதைச் சொல்ல ஆளில்லை. நமக்கு அந்தச் சாக்கு கிடையாது.

முதல் வகையினரிடம் வருகிறேன். சிவப்பு அட்டை வைத்திருப்பவர் நிரந்தரவாசி, குடிமகன் அல்லர். ஓட்டு கிடையாது, குடிமக்களுக்கு மட்டும் என்று அரசு அறிவிக்கும் உதவித்தொகைகள் கிடையாது. வெளிநாடு போவதென்றால் தம் சொந்த நாட்டின் கடப்பிதழ் வேண்டும்; திரும்பி நுழைய மீள்நுழைவு அனுமதியும் வேண்டும். பழனிக்கு முடி காணிக்கை செலுத்தப் போகிற பாட்டி விமானச் சீட்டுக்கு முன்னால் அந்த அனுமதியைத்தான் பார்க்க வேண்டும். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க, 12 ஆண்டுகளில் 10 ஆண்டு இங்கே வசித்திருக்க வேண்டும், மலாய் மொழியும் போதிய அளவு தெரிந்திருக்க வேண்டும். 2018இல், 60 வயதைத் தாண்டிய 3,407 சிவப்பு அட்டை இந்தியர்களுக்குக் குடியுரிமை தரப்படும் என்று அன்றைய பிரதமர் மகாதீர் அறிவித்தார். இப்படிக் கதவு திறக்கும் வேளையில் கையில் தாள் தயாராக இருப்பவர் உள்ளே போகிறார். பெட்டியின் அடியில் தேடிக்கொண்டிருப்பவர் அடுத்த அறிவிப்புக்குக் காத்திருக்கிறார்.

பிள்ளைகளோடு தங்க வருகிற பெற்றோருக்கு வேறு சங்கடம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் கடப்பிதழ்க்காரர்கள் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம் என்று மலேசியா அனுமதித்தது. இந்தச் சலுகை 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டுள்ளது. இது சுற்றிப்பார்க்க வருகிறவருக்கான சலுகை. சிங்கப்பூருக்கோ தாய்லாந்துக்கோ ஒரு நாள் போய்வந்து மீண்டும் 30 நாள் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நுழைய விடுவதும் மறுப்பதும் முகப்பில் இருக்கும் அதிகாரியின் கையில். அனுமதித்த நாளைத் தாண்டித் தங்கினால் குறைந்தது 10,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நீண்ட நாள் தங்க வேண்டுமென்றால், மகனோ மகளோ தம் வேலை அனுமதியின் வகைக்குப் பெற்றோருக்கான நீண்டகால வருகை அனுமதி கிடைக்குமா என்று முதலில் விசாரிக்கட்டும்.

வருகைக்கு முந்தைய 3 நாட்களுக்குள் மின்னியல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும்; 2024 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். கட்டணம் கிடையாது. காசு கேட்கிற இணையத்தளம் போலி என்று உடனே மூடிவிடுங்கள். கூடவே மருத்துவக் காப்பீடு எடுத்து வாருங்கள். அரசு மருத்துவமனையில் குடிமகன் வெளிநோயாளியாக 1 வெள்ளி கட்டுகிறார். வெளிநாட்டவருக்கு அந்தச் சலுகை இல்லை. தானா ராத்தாவின் குளிர் புதிதாக வந்த நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால், மலையிறங்கி ஈப்போவுக்கு ஓடுகிற செலவும் சேரும்.

மூன்றாவது வகையினருக்குத்தான் கணக்கு சிக்கலாகிறது. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, மலேசியாவும் ஏற்பதில்லை. ஆகவே கடல்கடந்த இந்தியக் குடிமகன் அட்டைதான் வழி. பெயரில் குடிமகன் இருந்தாலும் அது குடியுரிமை அல்ல. ஆயுள் முழுவதும் செல்லும் விசா என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டு இல்லை. வீடு வாங்கலாம், விவசாய நிலமோ தோட்டமோ வாங்க முடியாது, வாரிசுரிமையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். தாத்தா ஊரில் ஒரு காணி நஞ்சை வாங்கி நெல் விளைவிக்கும் கனவோடு கிளம்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கிளம்ப வேண்டும். அந்த அட்டைக்கே, முன்னோர் இந்தியாவிலிருந்து வந்ததற்குச் சான்று வேண்டும். கப்பலில் வந்தவர் பத்திரமாக வைத்த பழைய கடப்பிதழோ பிறப்புச் சான்றோ யார் வீட்டில் இருக்கிறது என்று சொந்தபந்தங்களிடம் விசாரியுங்கள்.

இனி வரி. பாதி ஆண்டு அங்கே, பாதி ஆண்டு இங்கே என்பது கேட்க அழகாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மலேசியாவில் வரியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை, இந்தியாவில் ஏப்ரல் முதல் மார்ச் வரை. இரண்டு நாட்டிலும் 182 நாள் இருந்தால் வரிக்குரிய குடியிருப்பாளர். ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை தமிழ்நாட்டில் இருந்து, மீதி மாதங்களை இங்கே கழிக்கிறார் என்று வையுங்கள். அக்டோபரிலிருந்து மார்ச் வரை எண்ணினால் சரியாக 182 நாள். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை 183 நாள். அந்த மனிதர் ஒரே நேரத்தில் இரண்டு நாட்டுக்கும் குடியிருப்பாளர் ஆகிவிடுகிறார்! வந்து இறங்கும் நாளும் ஏறிப் போகும் நாளும் கணக்கில் சேரும் என்பதையும் மறக்காதீர்கள். இந்தியாவில் ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ள இந்திய வம்சாவளியினருக்கு வரம்பு இன்னும் குறைவு, 120 நாள்.

இதற்காகப் பயப்பட வேண்டாம். இரண்டு நாட்டுக்கும் இடையே இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது, 2012இல் புதுப்பிக்கப்பட்டது. நிரந்தர வீடு எங்கே, குடும்பமும் பொருளாதாரப் பிணைப்பும் எங்கே, வழக்கமாக வசிப்பது எங்கே, எந்த நாட்டுக் குடிமகன் என்று வரிசையாகப் பார்த்து ஒரு நாட்டுக்குரியவர் என்று அது தீர்மானிக்கும். ஆனால் அந்தத் தீர்மானத்தை நாம் காகிதத்தோடு போய்க் கேட்க வேண்டும். இந்திய வங்கியில் வெளிநாடுவாழ் இந்தியரின் சாதாரணக் கணக்கு வட்டிக்கு 30 விழுக்காடும் அதன்மேல் தீர்வையும் பிடிப்பார்கள். மலேசிய வருமான வரி வாரியத்திடம் குடியிருப்புச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால், ஒப்பந்தப்படி அது 10 விழுக்காடாகக் குறையும். சான்றிதழ் கேட்காமலே இருபது விழுக்காட்டை விட்டுவிட்டு, “இந்தியாவில் கொள்ளையடிக்கிறார்கள்” என்று புலம்புவதில் பயனில்லை. இங்கே சேமநிதிக்குக் கிடைக்கும் ஈவுக்கு வரி கிடையாது. நீங்கள் இந்தியாவின் முழுக் குடியிருப்பாளர் ஆகிவிட்டால் அங்கே அதைக் கணக்கில் காட்ட வேண்டி வரலாம். அந்த நிலை வருவதற்கு முன்பே கணக்காயர் ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள்.

வங்கியின் கணக்கு தனி. இந்தியாவிலிருந்து நீண்டகாலம் தங்கும் எண்ணத்தோடு வெளியே வந்துவிட்டால், அந்நியச் செலாவணிச் சட்டப்படி பழைய சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காக மாற்ற வேண்டும். வரித்துறையின் 182 நாள் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வரித்துறையில் நாட்களை எண்ணுகிறார்கள், வங்கியில் எண்ணத்தையும் கேட்கிறார்கள்.

விதிகள் மாறும் என்பதற்கும் நம் கண்முன் சாட்சி இருக்கிறது. வசதியுள்ள வெளிநாட்டவர் ஓய்வுக்காலத்தை இங்கே கழிக்க, ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ என்ற திட்டம் 2002இல் வந்தது. 2021இல் மாத வருமானம் 40,000 வெள்ளி, வைப்புத்தொகை 10 லட்சம் வெள்ளி என்று ஒரேயடியாக உயர்த்தினார்கள். 2024இல் அதையும் மாற்றி வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று படிகள் வைத்தார்கள். கீழ்ப்படிக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்பு, கூடவே 6,00,000 வெள்ளிக்குக் குறையாத வீடு. பணக்காரருக்கே விதி இப்படி மாறுகிறதென்றால், நாம் கடைசி வெள்ளி வரை ஒரு விதியை நம்பி முதலீடு செய்யலாமா? ஓய்வுக்காலத் திட்டத்தில் ஓராண்டுச் செலவையாவது எந்த விசாவுக்கும் எந்தச் சொத்துக்கும் கட்டுப்படாத பணமாக வைத்திருங்கள்.

கடைசியாக, கிராணி என்ற முறையில் ஒன்று. தோட்டத்தில் பிறந்தவர்களின் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதிய காலம் அது. பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் ஓர் எழுத்து, சேமநிதிப் புத்தகத்தில் வேறோர் எழுத்து. உயிரோடு இருக்கும்போது இது வேடிக்கை. விதவை மனைவி பணம் கேட்டு நிற்கும்போது வேதனை. சத்தியப் பிரமாண ஆணையர் முன் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழி எழுதி வையுங்கள். சேமநிதியில் வாரிசு நியமனம் செய்யுங்கள். ஒவ்வொரு பயணத்திலும் போன தேதியையும் வந்த தேதியையும் ஒரு நோட்டில் குறியுங்கள். வரி அதிகாரி கேட்டால் அந்த நோட்டும் கடப்பிதழ் முத்திரையும் பேசும்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கிறீர்கள், கோயிலுக்குக் கூட்டிப் போகிறீர்கள். பாரத்துக்கும் கூடப் போங்கள். இந்த மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. தலைநகர் குவாந்தானோ வெகு தூரத்தில் இருக்கிறது. ஒரு பாரத்துக்காக வயதானவர்களைத் தனியாக பஸ் ஏற்றி அலைய விடாதீர்கள். ஒரு நாள் விடுப்பெடுத்து, அவர்கள் பெட்டியைத் திறந்து, அட்டை, கடப்பிதழ், பிறப்புப் பத்திரம், சேமநிதி, வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் பெயரும் தேதியும் ஒத்துப்போகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். அதை அவர்களுக்கு 60 வயதாகும்போதே செய்யுங்கள். கால் ஓய்ந்த பிறகு செய்ய முடிவதில்லை.