பதினாறு பேர்

போர்ட்லாண்டிலிருந்து ஹூட் ரிவர் ஒரு மணி நேர டிரைவ். பேரிக்காய்த் தோட்டம் பார்க்கத்தான் நண்பனோட கிளம்பினேன். போய் நின்னது ஐடில்வைல்ட் கல்லறைத் தோட்டத்துல. (என்கூட வந்தா இப்படித்தான்!)

ரெண்டாம் உலகப்போர் சமயம், ராணுவத்துக்குப் போன உள்ளூர்க்காரங்க பேரையெல்லாம் இந்த ஊர் கோர்ட் சுவத்துல எழுதி வச்சிருந்தாங்க. 1944 நவம்பர் 29, அமெரிக்கன் லீஜியன்ங்கிற முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தோட உள்ளூர்க் கிளை அதுல 16 பேரை மட்டும் பெயின்ட் அடிச்சு அழிச்சது. என்ன தப்பு செஞ்சாங்க? ஒண்ணுமில்லை. ஜப்பானியப் பேரு, அவ்வளவுதான். அத்தனை பேரும் அமெரிக்க ராணுவத்துல சேர்ந்தவங்க.

அதுல ஒருத்தர் ஃப்ராங்க் ஹாச்சியா, ராணுவ மொழிபெயர்ப்பாளர். பேரை அழிச்ச அஞ்சாவது வாரம், 1945 ஜனவரி 3, பிலிப்பைன்ஸ் லேய்ட்டே தீவுல குண்டடி பட்டு இறந்தார். நாடு முழுக்கத் திட்டு. போர்முனையில இருந்த வெள்ளைக்கார சிப்பாய்களே காறித்துப்பிக் கடுதாசி போட்டாங்க. அந்த வருஷமே பேர்கள் திரும்ப சுவர் ஏறின. 1948-ல அவர் உடலும் ஊர் வந்தது.

டேட்டாபேஸ்ல பேர்களை நீக்குறது என் தினசரி ஆணிகள்ல ஒண்ணு. ஒரு கண்டிஷன் எழுதி என்டர் தட்டினா முடிஞ்சது, எதையும் படிக்க வேண்டாம். பிரஷ் பிடிச்ச ஆளுக்கு அப்படி இல்லையே? சின்ன ஊரு. ஒவ்வொரு பேரையும் தேடி, படிச்சு, இன்னார் வீட்டுப் பையன்னு தெரிஞ்சுதானே அடிச்சிருப்பான்?

நண்பன் கல்லறை முன்னாடி ரொம்ப நேரம் நின்னான். பேரைப் பார்த்ததுமே ஏர்போர்ட்ல தனியா கூப்பிடப்படுற ஆள் அவன். கார்ல ஏறினதும் கேட்டான்: "பெயின்ட் டப்பா யார்றா வாங்கிட்டு வந்திருப்பா?"