விடவில்லையா, போகவில்லையா?

எங்கள் வகுப்பில் ரொக் இசையை விரும்பிக் கேட்பவள் நான் ஒருத்திதான். "அது வெறும் சத்தம்" என்பார்கள் தோழிகள். எனக்கு மிகவும் பிடித்தது குயின் இசைக்குழு. அதன் கிற்றார் கலைஞர் பிரையன் மே, 1963இல் பாடசாலை மாணவனாக இருந்தபோது, கடையில் கிற்றார் வாங்க வசதியில்லாமல் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே ஒன்றைச் செய்யத் தொடங்கினார். குளிர்காயும் பழைய அடுப்பொன்றின் மேற்சட்டத்து மரமே அதன் கழுத்துப் பகுதியானது. அந்தக் கிற்றாரைத்தான் பின்னர் உலக மேடைகளில் வாசித்தார். இசைக்காக இடையில் நிறுத்திய வானியற்பியல் ஆய்வை முடித்து, 2007இல் கலாநிதிப் பட்டமும் பெற்றார். தளபாடம் செய்யும் என் வாப்பாவிடம் இதைச் சொன்னபோது, "என்ன மரம்?" என்று மட்டும் கேட்டார். மஹோகனி என்றேன். "நல்ல மரம்" என்றார்.

நான் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்த நேரம். கொழும்பில் ஒரு திறந்தவெளி மைதானத்தில் உள்நாட்டுக் குழுவொன்று குயின் பாடல்களை இசைக்கப்போவதாக அறிந்தேன். சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணம் கையில் இருந்தது. மாவனல்லையிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 90 கிலோமீற்றர். தெஹிவளையில் சாச்சியின் வீட்டில் தங்கலாம். ஆனால் சாச்சா கட்டாரில். நானாவும் ஊரில் இல்லை. போவதென்றால் தனியாகத்தான் போக வேண்டும்.

வீட்டில் சண்டை வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். உம்மம்மாவுக்கு இசையென்றாலே ஆகாது. அதை அவர் மறைக்கவில்லை. வாப்பாவோ, "இசை விஷயத்தில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்குது. ஒன்ட மனச்சாட்சிக்கு நீதான் பதில் சொல்லணும். யோசிச்சு நீயே முடிவெடு மகள்" என்றார். "வேண்டாம்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டு தூங்கியிருப்பேன். "நீயே முடிவெடு" என்றதும் தூக்கம் போயிற்று.

ஓர் அப்பியாசக் கொப்பியில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து என் பயங்களை எழுதினேன். ஒரு பக்கம், எனக்கு என்ன நடக்கலாம் என்பது. மறுபக்கம், பிறர் என்ன நினைப்பார்கள் என்பது. இரண்டாம் பக்கம்தான் நீண்டுகொண்டே போனது. ஊரார் யாராவது கண்டால்? துணையில்லாமல் நிற்பதைப் பார்த்து யாராவது பரிதாபப்பட்டால்? ஹிஜாபுடன் ஒருத்தி அங்கே ஏன் என்று முறைத்தால்? கொப்பியை வாசித்த உம்மா, அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார். "மகள், இதுல ஒண்டாலயும் ஒன்ட எலும்பு முறியாது. மற்றப் பக்கத்துக்குப் பதில் தேடு."

ஏற்பாட்டாளர்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆசனங்களுக்கு இலக்கம் உண்டா? ஆசனமே இல்லை, எல்லோரும் நிற்க வேண்டும். எத்தனை வாயில்கள்? இரண்டு. மஃரிப் தொழ இடம் உண்டா? விசாரித்துச் சொல்கிறோம். எத்தனை மணிக்கு முடியும்? பதினொன்று ஆகலாம், பிந்தவும் கூடும்.

இலக்கமிட்ட ஆசனத்தைப் பற்றி நான் கேட்டதற்குக் காரணம் இருந்தது. 1979 டிசம்பர் 3ஆம் திகதி, அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 'த ஹூ' ரொக் குழுவின் நிகழ்ச்சிக்கு வந்த 11 பேர் வாயிலருகே நெரிசலில் இறந்துபோனார்கள். பெரும்பாலான சீட்டுகளுக்கு ஆசன இலக்கம் இல்லை. முதலில் நுழைபவருக்கே முன்னிடம். திறந்திருந்த கதவுகளோ சில. இப்படிப்பட்ட நெரிசலில் ஆட்கள் பெரும்பாலும் மிதிபட்டு இறப்பதில்லை. நின்ற நிலையிலேயே நெஞ்சு அமுங்கி, மூச்சுவிட முடியாமல் இறக்கிறார்கள். பக்கத்தில் ஒரு துணை இருந்திருந்தாலும் அவளும் அதே நெரிசலில்தான் நின்றிருப்பாள். ஆகவே அந்தப் பயம் தனிமையைப் பற்றியது அல்ல, இடத்தைப் பற்றியது.

தனிமையைப் பற்றிய உண்மையான கேள்வி ஒன்றே ஒன்றுதான் எஞ்சியது: நள்ளிரவை நெருங்கும் வேளையில் அந்த மைதானத்திலிருந்து தெஹிவளைக்கு எப்படிப் போவேன்? நம்பிக்கையான வாகனம் ஒன்றுக்காக மூன்று நாட்கள் முயன்றேன். கிடைக்கவில்லை.

நான் போகவில்லை.

அந்தச் சனிக்கிழமை இரவு எளிதாகக் கழியவில்லை. கைத்தொலைபேசியில் அதே பாடல்களைக் கேட்டேன்; இடையில் நிறுத்திவிட்டேன். அதைவிட வலித்தது மறுவாரம் தோழிகள் சொன்னதுதான். "ஒங்கட உம்மா விடமாட்டாங்க எண்டு எங்களுக்குத் தெரியும்." விட்டார்கள் என்று சொன்னேன். ஒருத்தியும் நம்பவில்லை.

'விடவில்லை' என்பதும் 'போகவில்லை' என்பதும் வெளியே ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. இரண்டிலும் பெண் வீட்டில்தான் இருக்கிறாள். ஆனால் முதலாவதில் அவளுக்குக் கிடைப்பது மனத்தாங்கல் மட்டும். இரண்டாவதில், எதைக் கேட்க வேண்டும், எதைக் கணக்கெடுக்க வேண்டும், எதைத் தள்ள வேண்டும் என்ற பழக்கம் அவளிடம் தங்கிவிடுகிறது. நாளை பல்கலைக்கழகத்துக்கோ வேலைக்கோ தூர இடம் போகும்போது, அவளோடு துணையாகப் போவது அந்தப் பழக்கம்தான். பெற்றோரே, உங்கள் மகளிடம் முடிவை ஒப்படைப்பது அவளை அனுப்பிவிடுவதாகாது. தங்கைகளே, முடிவு உங்கள் கைக்கு வந்தால் அந்த இரண்டாம் பக்கத்தை முதலில் கிழித்துவிடுங்கள்.

என் கொப்பியில் இப்போது முதல் பக்கம் மட்டுமே இருக்கிறது. அதன் அடியில் மூன்று நிபந்தனைகளை எழுதி வைத்திருக்கிறேன்: இலக்கமிட்ட ஆசனம், தொழ ஓர் இடம், திரும்பிவர வாகனம். மூன்றும் கிடைக்கும் நாளில், இன்ஷா அல்லாஹ், தனியாகவே போவேன்.