கழன்று விழுந்த நட்டு

தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு மலரில் மோட்டார்ச் சைக்கிளைப் பற்றி எழுதுகிறாரே இந்த ஆசிரியர் என்று பெற்றோர் சிலர் வியக்கக்கூடும். சென்ற ஆண்டு மலரில் புணர்ச்சி விதிகளைப் பற்றி எழுதினோம். அதனை வாசித்ததாக இதுவரை இருவரே எம்மிடம் கூறியுள்ளனர். ஆகவே இவ்வாண்டு வேறொரு பொருளைத் தெரிந்துகொண்டோம்.

எமது பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனும் அவன் தந்தையாரும் கோடை விடுமுறையில் ரொறன்ரோவுக்குக் கிழக்கே உள்ள கனறாஸ்கா காட்டுத் தடங்களில் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டுவது வழக்கம். ஒருநாள் வீடு திரும்பிப் பார்த்தபோது பக்கக் கண்ணாடியைக் காணவில்லை. சைலன்சரைப் பிடித்திருந்த போல்ற் ஒன்றையும் காணவில்லை. அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அம்மாணவன் எம்மிடம் வந்து, "சேர், நீங்கள் வன்னியில் மோட்டார்ச் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போனீர்களாமே. இறுக்கிப் பூட்டிய நட்டு தானாகக் கழலுமா?" என்று வினவினான்.

கழலும். ஆனால் தானாக அன்று.

போல்ற்றை இறுக்கும்போது அது மயிரிழையளவு நீள்கிறது. நீண்ட இரும்பு மீண்டும் சுருங்க முயல்வதால் இரு பாகங்களும் ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்கின்றன. அந்த அழுத்தமே நட்டை அசையாது வைத்திருப்பது. மேலும் கீழுமான குலுக்கலே நட்டைக் கழற்றுகிறது என்று நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். ஜேர்மனியப் பொறியியலாளர் கெர்ஹார்ட் யூங்கர் 1969 இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகக் கூறுகிறது. பிணைக்கப்பட்ட பாகங்கள் பக்கவாட்டில் சிறிது வழுக்கினாலே போதும். மரைகளுக்கிடையே உள்ள உராய்வு அந்தக் கணத்தில் பிடியிழக்க, நட்டு சிறுகச் சிறுகப் பின்னோக்கித் திரும்பிவிடும். நாம் பெரிதும் நம்பியிருந்த ஸ்பிரிங் வாசர் இவ்வகைச் சோதனையில் ஏறத்தாழ எவ்வுதவியும் செய்வதில்லை. எத்தனை ஸ்பிரிங் வாசர்களை எவ்வளவு பத்திரமாகப் பொறுக்கிச் சேர்த்து வைத்திருந்தோம்!

பரிகாரம் என்ன என்று தந்தையார் கேட்டார். முதலாவது, உரிய அளவுக்கு இறுக்குதல். கூடுதலாக இறுக்கினால் அலுமினியத்தில் உள்ள மரை உரிந்துவிடும். அதன்பின் கராஜ்காரரே தெய்வம். இரண்டாவது, மரையில் இடும் லொக்ரைற் என்னும் பசை. ஹார்ட்பேர்ட் நகரின் ரினிற்றிக் கல்லூரியில் இரசாயனம் கற்பித்த பேராசிரியர் வேர்னன் கிறீபிள் 1953 இல் உருவாக்கியது இது. காற்றுப் படும்வரை திரவமாகவே இருந்து, காற்றுப் புகாத மரைக்குள் உலோகத்தோடு சேர்ந்ததும் இறுகிவிடும். நீல நிறத்தது சாதாரணச் சாவிக்கு இணங்கும். சிவப்பு நிறத்ததைக் கழற்ற வெப்பமூட்ட வேண்டியிருக்கும். உள்ளே நைலோன் வளையம் உள்ள நட்டும் நல்லதே, ஆயின் சைலன்சருக்கு அருகில் வேண்டாம். வெப்பத்தில் நைலோன் இளகிவிடும். இறுக்கிய பின் நட்டிலும் அதன் அடியிலுமாக ஒரே நேர்கோடாகச் சாயம் இட்டு வைத்தால், கோடு முறிந்திருப்பதைக் கண்ணாலேயே கண்டுகொள்ளலாம்.

இவ்வளவையும் வாகனத் தரிப்பிடத்தில் நின்றபடியே கூறிவிட்டோம். கூறாத ஒன்று உண்டு. அதை இங்கே எழுதுகிறோம்.

2006 ஆகஸ்ட் மாதத்தில் ஏ-9 வீதி முகமாலையில் மூடப்பட்ட பின்னர் வன்னியில் உதிரிப்பாகங்கள் அரிதாயின. எம்மிடம் இருந்தது மூன்று கைமாறிய 125 சீ.சீ. வண்டி. அக்கராயனிலிருந்து முறிகண்டிக்குச் செல்லும் கிறவல் வீதியில் மழை ஓய்ந்த பின் சிற்றலைபோல வரிவரியாக மேடும் பள்ளமும் தோன்றிவிடும். அதில் ஓடினால் வண்டியின் எலும்பும் எமது எலும்பும் ஒருசேர அதிரும். பின் சில்லில் பிறேக்கின் தட்டு சில்லோடு சேர்ந்து சுழன்றுவிடாதபடி அதனை வண்டியோடு பிணைத்து வைக்கும் ஓர் இரும்புத் தண்டு உண்டு. அத்தண்டின் நட்டு கழலாதிருக்க, இரு கால்களுள்ள சிறு கம்பி ஊசி ஒன்றைக் குறுக்கே செருகி வளைத்திருப்பார்கள். ஸ்பிளிற் பின் என்பார்கள். 2007 இல் ஒருநாள் ரியூப் ஒட்டுவதற்காகச் சில்லைக் கழற்றியபோது அந்த ஊசி முறிந்தது. கடையில் வேறு இல்லை. பலங்கொண்ட மட்டும் நட்டை இறுக்கிவிட்டு, நாளை பார்ப்போம் என்று விட்டோம். அந்த நாளை மூன்று கிழமையாகியும் வரவில்லை.

தமிழ்த்தினப் பேச்சுப் போட்டிக்கென எமது மாணவன் ஒருவனைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிக்குப் புறப்பட்டோம். பதினான்கு வயது, வழிநெடுகப் பேச்சை ஒப்புவித்தபடி வந்தான். முறிகண்டிக்குச் சற்று முன்பாக ஒரு மாடு குறுக்கிட்டது. பிறேக்கை மிதித்தோம். தண்டு எப்போதோ கழன்றிருக்க வேண்டும். தட்டு சில்லோடு சுழல, சில்லு அந்த இடத்திலேயே இறுகி நின்றது. நாம் ஒரு பக்கம் விழ, அவன் மறு பக்கம் விழுந்தான். வலக்கை மணிக்கட்டு முறிந்துவிட்டது. தூசிக்குள் எழுந்து உட்கார்ந்தவன் கேட்ட முதற் கேள்வி, "சேர், உங்களுக்கு அடி பட்டதோ?" என்பதே.

அவனுடைய பெற்றோரிடம், மாடு குறுக்கே வந்தது என்றோம். அது பொய்யன்று. ஆயினும் ஊசியைப் பற்றி நாம் சொல்லவில்லை. கடையில் ஊசி இல்லை என்பதும் பொய்யன்று. வேலியில் இருந்த கட்டுக்கம்பியில் ஒரு சாண் வெட்டி வளைத்திருந்தால் போதுமாயிருந்தது. எலும்பு பொருந்தியது, சற்றுக் கோணலாக. அதன் பின் அவனது கையெழுத்து இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அவனுடைய கட்டுரைகளைத் திருத்துகையில் அக்கோணல் எழுத்துக்களை எமது குற்றப்பத்திரிகை போலவே படித்தோம். 2008 இல் எல்லோரும் இடம்பெயர்ந்தோம். தருமபுரத்தில் சன நெரிசலுக்குள் உழவு இயந்திரமொன்றின் மேலிருந்து அவன் கையசைத்ததைக் கண்டோம். அதன் பின் அவனைப் பற்றி ஒரு செய்தியும் எமக்குக் கிடைக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்வதற்கு அவனும் இல்லை, அவனுடைய பெற்றோரும் இல்லை.

போன மாதம் எமது பத்தாம் வகுப்பு மாணவன் தனது சிறிய வண்டியை இழுவைப் பெட்டியில் ஏற்றி வந்து காட்டினான். ஒவ்வொரு நட்டிலும் மஞ்சள் கோடு இட்டிருந்தான். பின் சில்லின் அச்சிலும் அதே வகை ஊசி ஒன்று இருக்க வேண்டும். குனிந்து விரலால் தொட்டு, "இருக்குது சேர்" என்றான். நாமும் முழந்தாளிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதன் இரு கால்களும் வளைந்திருக்கின்றனவா என்று தடவிப் பார்த்தோம்.