ஆய்வறிக்கையின் கடைசிப் பக்கம்

பேப்பரில் 'ஆய்வு ஒன்று சொல்கிறது' என்று செய்தி வந்தால், அந்த ஆய்வுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்றுதான் முதலில் தேடுவேன். இருபது வருஷமாக பெங்களூரில் கணக்குத் தணிக்கையில் குப்பை கொட்டுகிறவனுக்கு வேறென்ன புத்தி வரும்? எந்தக் கம்பெனி ஆண்டறிக்கையையும் பின்பக்கத்திலிருந்து புரட்டியே பழக்கமாகிவிட்டது. சுவாரஸ்யமான சமாச்சாரமெல்லாம் அங்கேதான் பொடி எழுத்தில் இருக்கும்.

திங்க் டேங்க் என்பதைத் தமிழில் 'சிந்தனைக் குழாம்' என்கிறார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, பேச்சில் வரமாட்டேன் என்கிறது. தில்லியில் இருக்கும் பெரிய குழாம்களைப் பற்றி டிவியில் அடிக்கடி பேச்சு வரும். மாநில அளவில் வேலை செய்கிறவற்றைப் பற்றி அவ்வளவாக வராது. ஆனால் நம் குழாயில் வரும் தண்ணீர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பஸ் கட்டணம், சொத்து வரி எல்லாம் மாநில அரசின் கையில்தான். அந்த அரசின் காதில் யார் ஓதுகிறார்கள், அவர்களுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்பது நம் வீட்டு விஷயம்.

பணம் வரும் வழி பெரும்பாலும் மூன்று.

முதலாவது, அரசாங்கப் பணம். நம் ஊரிலிருந்தே ஆரம்பிப்போம். வேலூரில் பிறந்து யுனெஸ்கோவில் துணை இயக்குநர் ஜெனரல் வரை போன மால்கம் ஆதிசேஷையா, ஊர் திரும்பி 1971-ல் தன் சொந்தப் பணத்தைப் போட்டு அடையாறில் எம்.ஐ.டி.எஸ்.ஸை (சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம்) தொடங்கினார். 1977-ல் அது மத்திய அரசின் சமூக அறிவியல் ஆராய்ச்சி கவுன்சிலும் தமிழக அரசும் நிதி தரும் நிறுவனமானது. அதே காலத்தில்தான் பொருளாதார அறிஞர் கே.என்.ராஜ் தில்லியை விட்டுத் திருவனந்தபுரம் போனார். முதல்வர் அச்சுத மேனனின் ஆதரவோடு சி.டி.எஸ். (வளர்ச்சி ஆய்வு மையம்) அங்கே உருவானது. பெங்களூரில் வி.கே.ஆர்.வி.ராவ் 1972-ல் ஐசெக்கைத் தொடங்கினார். இரண்டு மூன்று வருஷத்துக்குள் தெற்கே மூன்று நிறுவனங்கள்!

இவற்றின் செல்வாக்குக்கு உதாரணம் வேண்டுமென்றால் கேரளாதான். ஐ.நா.வுக்காக சி.டி.எஸ். செய்த ஆய்வு 1975-ல் வந்தது. வருமானம் குறைவாக இருந்தும் படிப்பிலும் ஆரோக்கியத்திலும் கேரளா எப்படி முன்னே நிற்கிறது என்று அது பேசியது. பிறகு உலகமெல்லாம் 'கேரள மாதிரி' என்று பேசியதற்கு வேர் அங்கேதான். சி.டி.எஸ்.ஸில் ஆசிரியராக இருந்த தாமஸ் ஐசக் மாநிலத் திட்டக் குழுவுக்குப் போனார். 1996-ல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில், திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்குப் போனது. பிறகு இரண்டு முறை நிதியமைச்சராகவும் இருந்தார். வகுப்பறையிலிருந்து பட்ஜெட் வரை ஒரே நேர்கோடு. அவர் கட்சியைப் பிடிக்காதவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும், பிடித்தவர்களுக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் அவரை எதிர்த்து ஓட்டுப் போட வாக்காளருக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கப் பணத்தில் ஒரு சிக்கல் உண்டு. சம்பளம் தருகிறவரையே குறை சொல்லி எழுத வேண்டும். எழுதலாம், ஆனால் அடுத்த வருஷ மானியம் தாமதமாக வந்தால் யாரிடம் போய்க் கேட்பது? பென்ஷன் கோப்பு நகராமல் அவஸ்தைப்பட்ட அப்பாக்கள் உள்ள வீடுகளுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

இரண்டாவது, பணக்காரர் பணம். இதற்கு நான் இருக்கும் பெங்களூரே பாடம். 1993-94-ல் சாமுவேல் பால் என்பவர் ஒரு காரியம் செய்தார். மாணவனுக்குப் பள்ளி மார்க் கொடுப்பது போல, நகர அலுவலகங்களுக்குக் குடிமக்களை மார்க் போட வைத்தார். மனை ஒதுக்கும் பி.டி.ஏ.வின் சேவை திருப்தி என்று சொன்னவர்கள் சுமார் 1 சதவீதம்! அந்த அட்டை பேப்பரில் வந்ததும் அதிகாரிகளுக்குக் கொஞ்சம் உறைத்தது. பால் அதையே வளர்த்து பப்ளிக் அஃபேர்ஸ் சென்டரை நடத்தினார்.

அடுத்து 1999-ல் முதல்வர் எஸ்.எம்.கிருஷ்ணா 'பெங்களூர் அஜெண்டா டாஸ்க் ஃபோர்ஸ்' அமைத்தார். தலைவர் இன்ஃபோசிஸின் நந்தன் நீலேகணி. தன் சொந்தப் பணத்தையும் அதில் போட்டார். 2000-ல் சொத்து வரியை நாமே கணக்குப் போட்டுக் கட்டும் முறை வந்தது. மாநகராட்சியின் கணக்கெழுதும் முறையே மாறியது. (தொழில்முறையில் சொல்கிறேன், அது சாதாரண வேலை இல்லை.) செய்ததைப் பொதுமேடையில் சொல்லிக் கேள்விகளுக்கும் நின்றார்கள். 2003-ல் மறுபடி மார்க் போட்டபோது மதிப்பெண் நன்றாகவே ஏறியிருந்தது.

ஆனால் அந்தக் குழுவில் இருந்தவர்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. கவுன்சிலர்கள் ஓரத்தில் நின்றார்கள். குடிசைப் பகுதிக்காரர்களின் குரல் அங்கே கேட்கவில்லை என்று கல்வியாளர்கள் அப்போதே எழுதினார்கள். 2004 தேர்தலில் ஆட்சி மாறியது, குழுவும் கரைந்துபோனது. நல்லதைச் செய்தவர்கள்தான், ஆனால் முதல்வரின் நாற்காலியைத் தவிர அவர்களுக்கு வேறு கால் இல்லை. இதே கதை வேறு ரூபத்திலும் வருகிறது. மகாராஷ்டிராவில் மாநிலக் கொள்கைக்கென்று 2022-ல் அமைத்த 'மித்ரா'வில் ஒரு கட்டுமான அதிபரைத் துணைத் தலைவர்களில் ஒருவராகப் போட்டது பெரிய சர்ச்சையானது.

மூன்றாவது, வெளிநாட்டுப் பணம். இது வருவது எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் வழியாக. 2020 திருத்தத்துக்குப் பிறகு எந்த ஊர் அமைப்பானாலும் முதல் கணக்கு தில்லியில் ஒரே ஸ்டேட் பேங்க் கிளையில்தான். வந்த பணத்தை இன்னொரு சிறிய அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் கூடாது. மாவட்ட அளவில் வேலை செய்யும் சின்ன ஆய்வுக் குழுக்களுக்கு இந்தப் பிந்தைய விதிதான் பெரிய அடி. தில்லியின் சி.பி.ஆர். மாநில அரசுகளோடும் சேர்ந்து வேலை செய்த பழைய நிறுவனம். 2023 பிப்ரவரியில் அதன் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது, 2024 ஜனவரியில் ரத்தானது.

வெளிநாட்டுக்காரன் காசில் நம் கொள்கை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் அதே சட்டத்தை மீறி நன்கொடை வாங்கியதாக பா.ஜ.க., காங்கிரஸ் இரண்டையும் 2014-ல் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. பிறகு 2016-லும் 2018-லும் நிதி மசோதாவோடு ஒரு திருத்தத்தைச் சேர்த்தார்கள். 1976-லிருந்தே செல்லும்படி முன்தேதியிட்டு மாற்றினார்கள்! நாற்பது வருஷக் கணக்கை ஒரு கிளையண்ட் இப்படித் திருத்தினால் நான் கையெழுத்துப் போடமாட்டேன் :-)

இது எனக்குக் காகித விஷயம் இல்லை. எங்கள் அடுக்குமாடியில் ஒரு தஞ்சாவூர்க் குடும்பம். ஒரே பெண். சாஃப்ட்வேர் வேண்டாம் என்று அடம்பிடித்துப் பொருளாதாரம் படித்து, ஒரு சிறிய ஆய்வு அமைப்பில் சேர்ந்தாள். ராய்ச்சூர்ப் பக்கம் அங்கன்வாடிகளில் முட்டை பிள்ளைகளின் தட்டுக்குப் போய்ச் சேர்கிறதா என்று எண்ணுவதுதான் வேலை. நிதி நின்றது, இரண்டு மாதச் சம்பளம் நின்றது, பிறகு வேலையும் போனது. "வேலை போனதுகூடப் பரவாயில்லை அங்கிள், எண்ணி முடிக்கலையே" என்றாள். அவள் அப்பா வெளியே சொல்லவில்லை, ஆனால் 'நான் அப்பவே சொன்னேன்' என்பது முகத்தில் இருந்தது. இப்போது ஒரு வங்கியில் இருக்கிறாள். முட்டையை யாரும் எண்ணவில்லை.

அதனால்தான் நம்மைப் பற்றியும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. சொந்த ஊர்க் கும்பாபிஷேகத்துக்கு நாம் கணக்குப் பார்ப்பதில்லை. படித்த பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தருகிறோம். இரண்டும் நல்ல காரியம், கல்வெட்டில் பெயரும் வரும். ஆனால் நம் மாநிலத்தையோ நாம் பிழைக்க வந்த மாநிலத்தையோ பற்றி நேர்மையாக எண்ணிச் சொல்லும் ஓர் ஆய்வுக்கு வருஷம் ஆயிரம் ரூபாய் கொடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? பத்தாயிரம் பேர் ஆயிரம் ரூபாய் கொடுத்தால் ஒரு கோடி. அதில் யாரும் முதலாளி ஆக முடியாது என்பதுதான் அந்தப் பணத்தின் அழகு. (வரிச்சலுகை உண்டா என்று மெயில் போடாதீர்கள். அது நீங்கள் எந்த வரி முறையில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.)

கொடுப்பதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். நிதி தந்தவர் பட்டியலை வெளியிடுகிறார்களா? ஒருவரே பாதிக்கு மேல் தருகிறாரா? தந்தவருக்குப் பிடிக்காத முடிவை எப்போதாவது எழுதியிருக்கிறார்களா? மூன்றாவது கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் தயங்காமல் செக் எழுதலாம். அப்படி உங்களுக்குத் தெரிந்த அமைப்பு இருந்தால் சொல்லுங்கள், அதன் கணக்கை நான் புரட்டிப் பார்த்துச் சொல்கிறேன். நமக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதானே.