பவுனு வளரும் வீடு

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

திண்டிவனத்திலிருந்து கொண்டுவந்த சாமான்களில் பாதி இன்னும் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கிறது. அதற்குள் வீட்டுக்கு ஒரு குட்டி வந்துவிட்டது. தெருக்கோடி வைக்கோல் போரடியில் கார்த்திகைக் கடைசியில் ஈன்ற நாயின் குட்டி. கடுவன் குட்டிகளை ஆளுக்கொன்றாகத் தூக்கிப் போய்விட்டார்கள். மிஞ்சியது இந்தப் பொட்டைக் குட்டி. மகள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது எனக்கும் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறம். பவுனு என்று பெயர் வைத்தோம்.

எதிர்வீட்டு ஆயா எட்டிப் பார்த்தார். “ஏம்மா, போயும் போயும் பொட்டக் குட்டியவா எடுத்தாந்த? வருசா வருசம் ஈனித் தள்ளுமே!”

“ஆபரேசன் பண்ணிக்கலாம் ஆயா.”

“நாட்டு நாயிக்கு ஆபரேசனா!”

ராத்திரி முழுக்க முனகல். புது வீட்டின் சிமென்ட் வாடையும் வழுக்கும் தரையும் அதற்குப் பழக்கமில்லை. பழைய கோணிப்பையை எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்து, என் பழம்புடவை ஒன்றை மேலே போட்டேன். கையைத் தொங்கவிட்டபடி படுத்திருந்தேன். விரலை மோந்துகொண்டே தூங்கிப்போனது.

பிப்ரவரி 27, வியாழன்

மாசி அமாவாசை. மயானக்கொள்ளை. நேற்றுச் சிவராத்திரியிலிருந்தே ஊர் ஊராக இல்லை. செஞ்சிப் பக்கமிருந்தும் அவலூர்பேட்டைப் பக்கமிருந்தும் பேருந்துகள் வந்தபடி இருக்கின்றன. பம்பையும் உடுக்கையும் ஓயவில்லை. அம்மன் வேடமிட்டவர்கள் தெருவில் ஆடி வரும்போது எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடிகூட அதிர்ந்தது.

இந்தக் குட்டியின் காது என்னவாகும் என்பதுதான் எனக்குக் கவலை. நாம் கேட்பதைவிட எத்தனையோ மடங்கு அதற்குக் கேட்கும். ஆனால் பழக்க வேண்டிய வயதும் இதுதான். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மாதம் வரை ஒரு குட்டி எதை நிம்மதியாகப் பார்க்கிறதோ, கேட்கிறதோ, அதுவெல்லாம் உலகத்தில் இருக்கத்தான் செய்யும் என்று ஏற்றுக்கொள்கிறது. அந்த வயது தாண்டிவிட்டால் புதிதாக எது வந்தாலும் முதலில் வருவது பயம். மாதம் தவறாமல் அமாவாசைக்கு இத்தனை கூட்டம் கூடுகிற ஊரில், மேளச் சத்தத்துக்கு நடுங்குகிற நாயாக இது வளரக்கூடாது.

தடுப்பூசிகள் முடியாததால் தெருவில் இறக்கிவிட முடியாது. மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். சத்தம் தூரத்தில் இருந்தவரை அவித்த முட்டையைக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தேன். பம்பை நெருங்கியதும் என் கைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. உடனே கீழே இறங்கிப் பின்கட்டுக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மாடி. மூன்றாம் முறை காதை மட்டும் ஆட்டியது, முட்டையை விடவில்லை.

பிரமனின் கபாலம் கையில் ஒட்டிக்கொள்ள, பிச்சைக்கு அலைந்த சிவனை இந்த மயானத்தில்தான் அம்மன் மீட்டாள் என்பது ஊரின் கதை. கபாலம் ஏந்திய பைரவருக்கு வாகனம் நாய். சுடுகாட்டில் இறைத்த கொழுக்கட்டையையும் சுண்டலையும் கிழங்கையும் வயலுக்கும் வீட்டுக்கும் நல்லது என்று பொறுக்கிப்போகிறார்கள். மகளும் ஒரு கைப்பிடி கொண்டுவந்தாள். ஒரு கொழுக்கட்டையைப் பவுனுவுக்கென்று எடுத்துவைத்திருக்கிறாள்.

மார்ச் 15, சனி

கால்நடை மருந்தகத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டாயிற்று. குட்டிக்கு மூன்று மாதம் ஆன பிறகு போடுவது. அடுத்த வருசம் ஒன்று, அப்புறமும் விடாமல் போட வேண்டும். குடற்பூச்சி மருந்தைப் பவுனு வந்த நாளிலிருந்தே கொடுத்துவருகிறோம். குடம்போல் உப்பியிருந்த வயிறு இப்போது வற்றிவிட்டது.

வரிசையில் ஆடுகளோடு நின்றவர் கேட்டார்: “நாட்டு நாய்தானே, அதுக்கு எதுக்கும்மா ஊசி? தானா வளரும்.” இந்தப் பேச்சைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தானாக வளர்வதாக நாம் நினைக்கிற குட்டிகளில் எத்தனை பார்வோ நோய் கண்டு ரத்தமாகக் கழிந்து சாகின்றன, எத்தனை சக்கரத்தில் மாட்டுகின்றன! பிழைத்து நிற்பதுதான் நம் கண்ணில் படுகிறது.

வெறிநோய் வந்துவிட்டால் நாயும் பிழைக்காது, மனிதரும் பிழைப்பதில்லை என்றே சொல்லலாம். நம் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907-லேயே வந்தது இதற்காகத்தான். மகளிடம் வீட்டுக்கு வந்ததும் மறுபடி சொன்னேன்: எந்த நாயின் பல் பட்டாலும், நகம் கீறினாலும், ஒளிக்காமல் சொல்ல வேண்டும், குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டுகிற வைத்தியம் கூடவே கூடாது.

ஏப்ரல் 20, ஞாயிறு

பக்கத்துக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்குகிறார்கள். பவுனு வேலியோரம் போய்க் கொடியை மோந்து, முன்னங்காலால் மண்ணைப் பறித்து, ஒரு காயைக் கவ்விக்கொண்டு ஓடிவந்தது. திண்ணையில் படுத்து இரண்டு பாதத்துக்கும் நடுவில் காயை நிறுத்திக் கடித்தது. ஓடு உடைந்ததும் பயறு தெறித்துப் போனது. அதைத் தேடாமல் ஓட்டையே மென்றுகொண்டிருந்தது. வாயிலிருந்து ஓட்டைப் பிடுங்கும்போதுதான் பார்த்தேன், முன்பல் ஒன்றைக் காணோம். ஈறில் துளி ரத்தம்.

பால்பல் 28 விழுந்து, அந்த இடத்தில் 42 முளைக்க வேண்டும். ஆறேழு மாதம் ஆகும்வரை ஈறு ஊறிக்கொண்டே இருக்கும். புது வீட்டு வேங்கைக் கதவின் கீழ்ச்சட்டத்தில் வரிவரியாகப் பல் தடம். வீட்டுக்காரருக்கு வருத்தம்தான், மாதக்கணக்காகச் சேர்த்துச் செய்த கதவு. பழைய துண்டை நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தேன். குளிர்ச்சி ஈறுக்கு இதம். கதவை விட்டுவிட்டு அதைக் கடிக்கிறது.

மே 11, ஞாயிறு

அக்னி நட்சத்திரம். விடியலிலும் விளக்கு வைத்த பிறகும் மட்டுமே நடை. தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பார்த்து, நமக்குச் சுட்டால் அதற்கும் சுடும் என்று திரும்பிவிடுகிறோம். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்க்காது; நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்கிக்கொள்ள வேண்டும். தோய்க்கிற கல்லடிக் குளிர்ச்சியை அது தானாகவே கண்டுபிடித்துவிட்டது. காதுமடலில் உண்ணி. தினமும் சாயங்காலம் ஆயாவும் நானும் பேசிக்கொண்டே பார்க்கிறோம். ஆயாவுக்குத்தான் கண் கூர்மை.

ஜூன் 26, வியாழன்

நேற்று அமாவாசை. நள்ளிரவு ஊஞ்சல் உற்சவம் முடிந்து கூட்டம் கலைய விடிந்துவிட்டது. காலையில் தெருவெங்கும் குங்குமம் தடவிய எலுமிச்சை, உடைத்த பூசணி, கற்பூரக் கரி. வேனில் வந்து சமைத்துச் சாப்பிட்டவர்கள் போட்டுப்போன கோழி எலும்பும் கிடந்தது. வெந்த எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் கிழித்துவிடும். சங்கிலியை இழுத்துப் பிடித்தபடி நடந்தேன். பவுனு ஓர் எலும்பிடம் நின்றது. “விடு” என்றேன். என்னைப் பார்த்தது, எலும்பைப் பார்த்தது, விட்டுவிட்டு வந்தது. இத்தனை நாள் கேழ்வரகுக் கூழையும் ஈரல் துண்டையும் வைத்துக்கொண்டு பழக்கியது இந்த ஒரு சொல்லுக்காகத்தான். தெருவிலேயே அதைக் கட்டிக்கொண்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

மகளின் பள்ளிப் பாடத்துக்காக நடுகல் பற்றித் தேடியபோது எடுத்தனூர் கிடைத்தது. நம் பக்கத்து ஊர்தான், திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டுப் பக்கம். மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு, ஏழாம் நூற்றாண்டுக் கல். தொறுப்பூசலில், அதாவது கால்நடை கவரும் சண்டையில், கருந்தேவக்கத்தி என்பவன் செத்தான். அவன் நாய் இரண்டு கள்ளரைக் கடித்து நின்றது. வீரனோடு நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். மாடு மேய்க்கிற ஊர்க்காரர்களின் நாய்தானே அதுவும்? அதற்குப் பெயர் இருந்தது, அந்தப் பெயர் ஊருக்குத் தெரிந்திருந்தது, கல்லில் வெட்டும் அளவுக்கு மதிப்பும் இருந்தது. ‘நாட்டு நாய்தானே’ என்று கைகழுவுகிற பழக்கம் நம் மூதாதையருடையது அல்ல. ஆயாவிடம் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பவுனுவுக்கு ஆபரேசன் முடிந்து தையலும் பிரித்தாயிற்று. முதல் பருவம் வருவதற்குள் செய்துவிட்டோம். நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டிய வளையத்தோடு கதவு கதவாக இடித்துக்கொண்டு திரிந்த நாட்களில் மகள் பக்கத்திலேயே தரையில் படுத்துக்கொண்டாள்.

இன்று டிவியில் உச்ச நீதிமன்றச் செய்தி. டெல்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்திலேயே வைக்க வேண்டும் என்று 11-ஆம் தேதி சொன்னதை மாற்றி, கருத்தடை செய்து, தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொல்லியிருக்கிறார்கள். வெறிநோய் உள்ளதையும் கடிக்கும் குணமுள்ளதையும் மட்டும் விடக்கூடாது. இதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. கடிபட்ட பிள்ளையின் தாய்க்கு இருக்கிற பயம் நியாயமானது. அந்தப் பயம் தீர வேண்டுமானால் தெருவில் இருக்கிற ஒவ்வொரு நாய்க்கும் ஊசி போய்ச் சேர வேண்டும், குட்டிகள் குறைய வேண்டும். இது உள்ளாட்சியின் பொறுப்பு என்று நாய்க் கருத்தடை பற்றிய 2023 விதிகள் சொல்கின்றன. ஆனால் எந்த நாய் எந்தத் தெருவில் எங்கே படுக்கும் என்பது தெருக்காரர்களுக்குத்தானே தெரியும்.

இன்றும் அமாவாசை. வண்டிகள் வரத் தொடங்கிவிட்டன. பவுனு வாசலில் படுத்தபடியே பார்க்கிறது. அதன் தாய் இன்னும் வைக்கோல் போரடியில்தான் இருக்கிறது; ஐப்பசிக்குள் அதற்கும் செய்தாக வேண்டும், இல்லையென்றால் கார்த்திகையில் மறுபடி குட்டிகள். யார் பிடிப்பது என்று வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். எதிர்த் திண்ணையிலிருந்து ஆயா சொன்னார்: “என் கையால சோறு தின்னும்மா அது. நான் புடிச்சுத் தரேன். நீ வண்டிக்குச் சொல்லு.”

திங்கட்கிழமை என்று முடிவாகியிருக்கிறது.